மூன்றாவது போன்

கார்த்திகை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், விடிந்தும் விடியாமலும், மாதேஸ்வரி நாகலேரியின் மதகடியில் குடை பிடித்து நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்து ‘ஏறு, ஏறு’ என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற காலனியில் பிறந்து, அங்கேயே குடித்தனம் நடத்துகிற ஒருத்தி இப்படி வேண்டலாமா என்று கேட்பீர்கள். வேண்டக் கூடாதுதான். ஆனால் அவளுடைய வயிற்றெரிச்சல் ஒரு நாள், இரண்டு நாள் வயிற்றெரிச்சல் இல்லை.

மதகுக் கல்லில் மூன்று பட்டையாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் எல்லோரும் தயாராக வேண்டும். சிவப்பைத் தொட்டால் காலனி மொத்தமும் வீட்டை விட்டுக் கிளம்பி, மேட்டில் இருக்கிற கோவிந்தப்பனின் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கோவிந்தப்பனின் ஒரே மகள் சுவேதாவுக்குக் கல்யாணம். இப்போது புரிகிறதா, அவள் எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று?

கோவிந்தப்பன் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, சிங்காரப்பேட்டை ரோட்டில் இரண்டு கடை, இந்த மண்டபம் எல்லாம் அவருடையவை. பதவி போய்ப் பல வருஷம் ஆகியும் ஊரில் அவரைத் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கார்த்திகையில், ஏரி நிரம்பிக் கரையின் ஓரத்தை அறுத்துக்கொண்டு வந்தது. காலனிக்குள் இடுப்பளவுத் தண்ணீர். கைக்குழந்தை, ஆட்டுக்குட்டி, கியாஸ் சிலிண்டர் என்று எது எது கைக்கு அகப்பட்டதோ அதைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். மண்டபத்தின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மாடி ஜன்னலில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. கத்திக் கத்திக் கூப்பிட்ட பிறகு வாட்ச்மேன்தான் குடையோடு வந்தான்.

“நாளைக்கு இங்க கல்யாணம் புக் ஆகியிருக்குது. டெக்ரேஷன் எல்லாம் முடிச்சாச்சு. உங்கள உள்ள உட்டா சேறாயிடும்னு தலைவர் சொல்றாரு” என்றான்.

மாதேஸ்வரியின் தங்கை சுஜாதாவுக்கு அப்போது நிறைமாதம். ஓடி வந்ததில் வலி கண்டுவிட்டது. அந்த கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். யாரோ ஒரு ஆட்டோவைப் பிடித்து, சுற்று வழியில் ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவே இல்லை. மாதேஸ்வரிதான் துணியில் சுற்றி வாங்கினாள். வாங்கிய நிமிஷம் அவள் காதில் கேட்டது ‘சேறாயிடும்’ என்ற அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. போச்சம்பள்ளி கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவும்போதும் கேட்டது, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழியும்போதும் கேட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு உதவி வந்ததா என்றால், வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு லாரி நிறையப் பழைய துணி வந்தது. யாரோ பிறந்தநாளுக்குப் போட்டுக் கழித்த கவுன்களும் கோட்டும் சூட்டும்! காலனி ஜனங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டா களை எடுப்பார்கள்? அதற்கப்புறம்தான் ஓசூரிலிருந்து ஹரீஷ்குமார் வந்தான். தொண்டு நிறுவனத்துக்காரன், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் கன்னடம் கலந்த தமிழும் இங்கிலீஷும். ஆனால் ஒன்று, அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

“வெளியிலருந்து நாங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் மேடம். முதல்ல காப்பாத்தறவங்க நீங்கதான். அதனால லீட் பண்றதும் நீங்கதான். நாங்க சப்போர்ட் மாத்ரம்” என்றான்.

காலனிப் பெண்கள் கூடி ஒரு குழு ஆனார்கள். மாதேஸ்வரி தலைவி. எந்தப் பட்டையில் என்ன செய்வது, யார் எந்தக் கிழவரைத் தூக்குவது, கைச் சைரனை யார் சுற்றுவது என்று அவர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். பாதி வீட்டுப் பெண்கள் வேலை செய்கிற அந்த ஷூ கம்பெனி, நடக்க முடியாதவர்களை ஏற்றிவர ஒரு பஸ் தருவதாக ஒப்புக்கொண்டது. மேடான இடம் என்று பார்த்தால் கோவிந்தப்பனின் மண்டபத்தை விட்டால் வேறு கிடையாது. மண்டபத்துக்குப் புதுக் கழிப்பறையும் ஜெனரேட்டரும் கம்பெனி செலவில் வருகிறது என்றதும் அவரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார். எந்த விசேஷம் நடந்தாலும் சரி, குழு சொன்னால் மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும், ஒரு சாவி குழுத் தலைவியிடம் இருக்க வேண்டும் என்பது பேச்சு. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இதுகள் எங்கே வந்து திறக்கப்போகிறது என்ற சிரிப்பு அது. மாதேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகவே புரிந்தது.

அந்தக் கூட்டத்தின் கடைசியில்தான் போன் விஷயம் வந்தது. மஞ்சளைத் தொட்டதும் தலைவி இரண்டு போன் போட வேண்டும். முதல் போன் ஹரீஷ்குமாருக்கு. இரண்டாவது கம்பெனி பஸ் ஷெட்டுக்கு. அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கும்போது கோவிந்தப்பன் ஹரீஷ்குமாரின் காதில் ஏதோ சொன்னார். அவனும் தலையாட்டிவிட்டு, “தர்டு, தலைவருக்கும் ஒரு கால் போட்டுடுங்க மேடம்” என்றான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த ஊரில் இழவு விழுந்தாலும் அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், பிள்ளை பிறந்தாலும் அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். வெள்ளம்கூட அவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்போல என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுஜாதா மறுபடி உண்டானது இந்த வருஷம். எட்டு மாதம். அவள் வீட்டுக்காரன் மணி ஓசூரில் வேறு ஒரு கம்பெனியின் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்ததால், சுஜாதா அக்காவோடுதான் இருந்தாள். ராத்திரியெல்லாம் பெய்த மழையில் அவள் தூங்கவே இல்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க மாதேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீர் மஞ்சளைத் தொட்டபோது மண்டபத்துப் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. மகள் கல்யாணம் என்று கோவிந்தப்பன் மண்டபத்திலிருந்து காலனி முனை வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். பத்திரிகை வைக்கத் தோன்றவில்லை, பாட்டு மட்டும் போட்டுவிட்டார்.

மாதேஸ்வரி ஹரீஷ்குமாருக்குப் போன் போட்டாள். மழையைப் பார்த்து அப்போதே கிளம்பி, ராயக்கோட்டையைத் தாண்டி வந்துகொண்டிருப்பதாகவும், வந்து சேர நேரமாகும் என்றும் சொன்னான். பஸ் ஷெட்டுக்குப் போட்டாள். டிரைவர் அஜித்குமார் வண்டியை எடுப்பதாகச் சொன்னான். மூன்றாவது நம்பரை எடுத்தாள். ‘தலைவர்’ என்று போனில் பெயர் வந்தது.

பேசினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். உஷாராகிவிடுவார். பின்வாசலைத் திறந்துவைத்து, ஸ்டோர் ரூமில் தார்ப்பாய் விரித்து, காலனி ஜனத்தை அந்தப் பக்கமாகவே தள்ளிவிடுவார். முன்னால் மேளம் பாட்டுக்கு நடக்கும், பன்னீர் தெளிப்பு நடக்கும், ஆனேக்கல்லிலிருந்து வந்திருக்கிற சம்பந்திக்கு இப்படி ஒரு ஜனம் வந்ததே தெரியாது. அதற்கா அவள் இரண்டு வருஷம் காத்திருந்தாள்? முன்வாசல் வழியாக, சிவப்புக் கம்பளத்தின் மேல், அத்தனை பேரும் சேற்றுக் காலோடு போக வேண்டும். அவர் கண்ணெதிரே அது சேறாக வேண்டும்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். ‘ஏறு’ என்றாள் தண்ணீரிடம்.

தண்ணீரும் ஏறியது. தாலி கட்டுவதற்கு முன்னால் சிவப்பைத் தொட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் ஸ்பீக்கரில் கெட்டிமேளம் முழங்கி அடங்கிய பிறகுதான் சிவப்புப் பட்டையின் கீழ் விளிம்பு நனைந்தது. சரி, இதுவாவது கிடைத்ததே என்று சைரனைச் சுற்றச் சொன்னாள்.

குழு அன்றைக்கு வேலை செய்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள், ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள், கரன்ட் மெயினை அணைத்தார்கள். நடக்க முடிந்தவர்கள் பாறைப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் வரிசையாக ஏறினார்கள். நடக்க முடியாதவர்களும் கர்ப்பிணியும் காலனி முனையில் இருக்கிற ரேஷன் கடைப் படியில் பஸ்ஸுக்காக நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கவாதத்தில் கிடக்கிற சாந்தம்மாவை நாற்காலியோடு தூக்கி அங்கே வைத்தார்கள். சுஜாதாவையும் மாதேஸ்வரியே கையைப் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பஸ்ஸு வந்துடும். பயப்படாத. நான் முன்னாடி போயி கேட்டைத் தொறக்கறன்.”

“சீக்கிரம் வந்துடுமாக்கா?” என்று கேட்டாள் சுஜாதா.

“ஒத்திகை அன்னிக்குப் பாத்தியே, சர்ருனு வந்துச்சில்ல?”

ஒத்திகை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஊரில் எந்தக் கல்யாணமும் இல்லை. இது மாதேஸ்வரிக்கு அப்போது தோன்றவில்லை.

கேட்டைத் திறக்கச் சாவியே தேவைப்படவில்லை. கல்யாணக் கேட் அகலத் திறந்துதான் கிடந்தது. அந்த முன்வாசலில் அவள் காலடி எடுத்துவைத்ததை நான் எப்படிச் சொல்வேன்! பின்னால் காலனி மொத்தமும், நனைந்து, நடுங்கி, முழங்கால் வரை சேறோடு. நான்கு ஆடுகள். ஒரு சேவல்கூட யாருடைய கையிலோ இருந்தது. பன்னீர்ச் செம்பு வைத்திருந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் முதல் இரண்டு பேருக்குத் தெளித்தேவிட்டார்கள். சிவப்புக் கம்பளம் பத்தடி தூரத்துக்குள் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையிலிருந்து பாதியில் எழுந்து நின்றார்.

“யாரு இவரெல்லா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

பட்டு வேட்டியோடு ஓடி வந்தார் கோவிந்தப்பன். முகம் வேர்த்திருந்தது. மாதேஸ்வரி அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். கறிக்கடையில் ஈரல் எடை போடுவதைப் பார்ப்பது மாதிரிக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

“என்னாம்மா இது? இன்னிக்கு என் பொண்ணு கல்யாணம்மா!”

“தெரியும் தலைவரே. உங்க பாட்டுதான் எங்க ஊட்டு வரைக்கும் கேக்குதே. ஏரி சிவப்புக்கு வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“பின்னாடி வழியா வரக் கூடாதா? பாரு, எல்லாம் சே...”

“சொல்லுங்க” என்றாள் அவள். “சேறாயிடும். அதான? அதுக்குத்தான் கால் கழுவாம வந்தோம்.”

இரண்டு வருஷமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அந்த நிமிஷம் நின்றது. அப்பா, எவ்வளவு நிம்மதி! சம்பந்திகள் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். மாதேஸ்வரிக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. சிரிக்கவும் செய்தாள்.

அப்போதுதான் இடுப்பில் போன் அதிர்ந்தது. அஜித்குமார்.

“அக்கா, மண்டபத்தண்டயே மாட்டிக்கினேன். ரோட்டுல ரெண்டு பக்கமும் காரு. நடுவுல ஒரு டெம்போ டிராவலர். பஸ்ஸு பூந்து போவ முடியாது. ஒரு டிரைவரும் வண்டியில இல்ல.”

அவள் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தாள். மண்டபத்திலிருந்து காலனிக்கு இறங்குகிற குறுகலான ரோட்டில், கர்நாடக நம்பர் கார்கள் இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. அதற்கு மேலே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது. கீழே, வளைவுக்கு அந்தப் பக்கம், ரோட்டின் மேல் பழுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரேஷன் கடை இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது.

பந்திக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு இலையாகப் போய் யாருடைய கார் என்று கேட்டாள். பாஷை புரியாதவர்கள் கையை விரித்தார்கள். புரிந்தவர்கள் அவள் காலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தரையைச் சேறாக்கியவள் சொல்கிறாள் என்று எவன் சாப்பாட்டை விட்டு எழுந்திருப்பான்? அவர்கள் எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு ஆள்தான் சொல்ல வேண்டும்.

கோவிந்தப்பன் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“தலைவரே, காருங்கள எடுக்கச் சொல்லுங்க. பஸ்ஸு கீழ போவணும். என் தங்கச்சி அங்க நிக்கறா. எட்டு மாசம்.”

அவர் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

“மஞ்சளுக்கு எனக்கு ஒரு போன் வரணுமே. வந்துச்சா?”

“தலைவரே, தண்ணி ஏறுது...”

“வந்துச்சான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“அந்தப் போனு எதுக்குன்னு நெனச்ச? எனக்குக் கும்புடு போடறதுக்கா? முகூர்த்த நாள்ல இந்த ரோடு பூரா காருதான் நிக்கும், முன்னாடியே சொன்னாத்தான் எடுக்க முடியும்னு நான்தான் அந்தப் பையன் காதுல சொன்னன். இருபது வருசமா மண்டபம் நடத்தறவன் நான்.”

யாருக்குப் போட மாட்டேன் என்று மாதேஸ்வரி போனை இடுப்பில் செருகினாளோ, அவருக்காக இல்லை அந்தப் போன், அவள் தங்கைக்காக!

“தப்புதான். இப்ப சொல்லுங்க தலைவரே. உங்க கால்ல வேணும்னாலும் உழறன்.”

“கால்ல எதுக்கு?” மணமேடை மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இதுல சொல்லு. ஏன் எனக்குச் சொல்லலைன்னு சொல்லு. என் சம்பந்தியும் கேக்கட்டும், உங்காளுங்களும் கேக்கட்டும். அப்புறம் எடுக்கச் சொல்றன்.”

காரை எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்டிருக்கலாம் அந்த மனுஷன். கேட்கவில்லை. இரண்டு வருஷம் அவள் வளர்த்த வன்மத்தை அவர் இரண்டு நிமிஷத்தில் வளர்த்துவிட்டார். பழி வாங்குவதில் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருந்தார்கள்.

மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வரவில்லை. மைக்கைப் பிடித்தாள். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய்கள் அவள் குரலை மழையில் தூக்கிக்கொண்டு போயின.

“காரு வெச்சிருக்கறவங்க எல்லாம் தயவுசெஞ்சி எடுங்க. காலைல ஏரி மஞ்சளுக்கு வந்தப்பவே தலைவருக்கு நான் போன் பண்ணியிருக்கணும். பண்ணல. மறக்கல. வேணும்னேதான் பண்ணல. இந்தக் கல்யாணம் சேறாவணும்னுதான் பண்ணல. என் தங்கச்சிக்காகத்தான் பண்ணல. செத்துப்போன அவ புள்ளைக்காகத்தான் பண்ணல.”

கூட்டத்தில் நின்ற காலனிப் பெண்களில், சாந்தம்மாவின் மகள் சம்பங்கி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் ரேஷன் கடைப் படியில்தான் இருந்தாள்.

கோவிந்தப்பன் மைக்கை வாங்கி, தெலுங்கிலும் கன்னடத்திலும் இரண்டே வார்த்தை சொன்னார். எச்சில் கையோடு டிரைவர்கள் ஓடினார்கள். அவர் சொன்னதும் எவ்வளவு சுலபமாக நடந்தது என்பதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. டெம்போ டிராவலரைப் பின்னால் எடுக்கவே நேரம் பிடித்தது. கடைசியில் பஸ் இறங்கி, வளைவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மறைந்தது. மாதேஸ்வரி ரோட்டில் நின்றாள். வீட்டுக் குலசாமியிலிருந்து காலையில் வேண்டிய ஏரி வரைக்கும் எல்லாவற்றையும் கூப்பிட்டாள். ‘ஏறாதே, ஏறாதே’ என்றாள்.

பஸ் திரும்பி வந்தது. முதலில் சாந்தம்மாவை இறக்கினார்கள். நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது, மூச்சு இருந்தது. சம்பங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு, மாதேஸ்வரி இருக்கிற பக்கம் திரும்பாமலேயே உள்ளே போனாள். பின்னால் மற்றவர்கள். கடைசியில் சுஜாதா இறங்கினாள். மார்பு வரைக்கும் நனைந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மணப்பெண் சுவேதா மாலையைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு கம்பளியோடு வாசலுக்கு வந்து, அதை அவள் தோளில் போர்த்திவிட்டாள். சுஜாதா வாங்கிக்கொண்டாள்.

மாதேஸ்வரி ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள்.

“சுஜி, வலி கிலி எதனா இருக்குதா? கொழந்த உதைக்குதா?”

“உதைக்குது.”

“பயந்துட்டேன்டி. உனக்காகத்தான்டி நான் எல்லாம்...”

சுஜாதா கையை விடுவித்துக்கொண்டாள். வேகமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான்.

“ஸ்பீக்கர்ல கேட்டேன்க்கா. சாந்தம்மாவும் கேட்டுச்சு. எங்க இடுப்புக்குத் தண்ணி வந்தப்ப நீ பேசிக்கினு இருந்த.”

“சுஜி...”

“எனக்காகன்னு மட்டும் சொல்லாதக்கா. அன்னிக்கும் தண்ணில நின்னது நான்தான். இன்னிக்கும் நின்னது நான்தான்.”

சொல்லிவிட்டு, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, அக்காவைத் தாண்டி மண்டபத்துக்குள் போய்விட்டாள்.